யாரும் தடுக்கவில்லை, ஆனாலும் போக முடியவில்லை: பாலினப் பாகுபாடு, கொஞ்சம் எளிமையாக

செட்டிநாட்டுப் பக்கம் பாலினப் பாகுபாடு என்று பேச்செடுத்தால் உடனே வருகிற பதில், "எங்க ஊர்ல அதெல்லாம் கிடையாதுங்க, இங்க ஆச்சிமார் ராஜ்யம்தான்" என்பது. ஆச்சி என்றால் இங்கே நகரத்தார் வீட்டுப் பெண். அந்தப் பதிலைப் பொய் என்று சொல்ல முடியாது. வீட்டுக்காரர் ரங்கூனிலும் பினாங்கிலும் கணக்கு எழுதிக்கொண்டிருந்த வருஷங்களில் கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் அந்தப் பெரிய பெரிய வீடுகளை, விசேஷங்களை, கொடுக்கல் வாங்கலை எல்லாம் நடத்தியது ஆச்சிதான். பெண்ணுக்கென்று வந்த பணத்துக்குத் தனிக் கணக்கு உண்டு, ஆச்சிமார் பணம் என்று பெயர், கடையில் வட்டிக்குப் போட்டு வளர்ப்பார்கள். அந்தப் பணத்தையும் சேர்த்து உருட்டித்தான் கடல் தாண்டி வட்டிக்கடைகள் ஓடின. சரி, அதே கடையில் வேலைக்குச் சேருகிறவன் யார்? பெட்டியடிப் பையனாக (எடுபிடியாக) உள்ளே வருவான், அப்புறம் அடுத்தாள் (உதவியாள்), அப்புறம் மேலாள் (கடைப் பொறுப்பாளர்), கொஞ்சம் சாமர்த்தியம் இருந்தால் பிறகு தானே ஒரு கடை. பெண்கள் மேலாள் ஆகக்கூடாது என்று யாரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய தேவையே வரவில்லை, ஏனென்றால் பெட்டியடி என்ற முதல் படியில் ஒரு பெண் கால் வைக்க வழியே இல்லை.

மரியாதை வேறு, வாய்ப்பு வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாலினப் பாகுபாடு என்ற விஷயத்தில் பாதி புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

பாகுபாடு என்றதும் "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப் படிப்பு" என்று கேட்கிற ஒரு முரட்டு ஆள்தான் மனதில் வருகிறார். அப்படிப்பட்டவர்கள் இன்றைக்குக் குறைவு, இருக்கிறவர்களும் வெளியில் சொல்வதில்லை. பெரும்பாலான பாகுபாடு நல்லவர்கள் கையால், பழைய வழக்கத்தால், "அவங்க நல்லதுக்குத்தானே" என்ற எண்ணத்தோடு நடக்கிறது. அதனால் தப்பு செய்தது யார் என்று தேடினால் ஆள் கிடைக்காது. எந்த விதி, எந்தப் படி, அதில் யார் ஏறுகிறார்கள், யார் எங்கே நின்றுபோகிறார்கள் என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

முதலில் கண்ணுக்குத் தெரிகிற வகை. இதை நேரடிப் பாகுபாடு என்பார்கள். காரைக்குடி கடைவீதியில் நடந்தால் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம்: "பில்லிங் வேலைக்குப் பெண்கள் தேவை, வயது 18 முதல் 25, திருமணமாகாதவர் மட்டும்." பக்கத்துக் கடையில் "மேனேஜர் தேவை, ஆண்கள் விண்ணப்பிக்கவும்." இரண்டும் ஒரே தப்புதான். முதலாவதைப் பார்த்துப் பெண்களுக்குச் சலுகை என்று நினைக்கிறவர்கள் உண்டு. அங்கே என்ன எதிர்பார்ப்பு என்று யோசித்துப் பாருங்கள், குறைந்த சம்பளம், எதிர்த்துப் பேசாத ஆள், கல்யாணம் ஆனதும் தானாகவே நின்றுவிடுவார், அதனால் இன்கிரிமெண்ட் கேள்வியே எழாது. அந்த பில்லிங் வேலையைச் செய்யக்கூடிய ஒரு பையனுக்கும் கதவு சாத்தியாகிவிட்டது. பாலினப் பாகுபாடு பெண்களுக்கு எதிராக மட்டும் நடக்கிற சமாச்சாரம் இல்லை, அவர்கள் மேல் அதிகமாக விழுகிறது, அவ்வளவுதான். திருநங்கை, திருநம்பி என்றால் பல இடங்களில் விண்ணப்பத்தில் டிக் அடிக்கக் கட்டமே இருக்காது. 2014ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்த பிறகும் இந்த நிலைமை.

அரசு வேலையில் பாலினத்தைக் காரணம் காட்டி ஒதுக்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 16வது பிரிவு சொல்கிறது. தனியாருக்கு? 1976ஆம் வருஷத்துச் சம ஊதியச் சட்டம் சம்பளத்தோடு நிற்கவில்லை, ஆள் எடுப்பதிலும் வித்தியாசம் காட்டக்கூடாது என்றது. அதை இப்போது 2019 ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் சேர்த்துவிட்டார்கள். ஆனால் அரசியலமைப்பு வந்த பிறகும் அரசாங்கமே எப்படி நடந்துகொண்டது என்பதற்கு சி.பி. முத்தம்மா வழக்கு இருக்கிறது. இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் அவர், 1949ல் சேர்ந்தவர். அந்தப் பணியின் விதிப்படி ஒரு பெண் அதிகாரி கல்யாணம் செய்வதற்கு முன் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், கல்யாணத்துக்குப் பிறகு குடும்பப் பொறுப்பு வேலையைக் கெடுக்கிறது என்று அரசு நினைத்தால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஆண் அதிகாரிக்கு அந்தப் பேச்சே இல்லை. ஏதோ ஆண்களுக்குக் கல்யாணம் ஆனால் குடும்பம் வராது என்பது போல. 1979ல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் இதைக் கிழித்துத் தொங்கவிட்டார்.

அந்த விதி போய்விட்டது, அந்தக் கேள்வி போகவில்லை. இந்தப் பக்கத்தில் ஒரு ஃபைனான்ஸ் ஆபீசில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு நடந்த இண்டர்வியூ இது. எம்.காம்., டேலி தெரியும், ஜிஎஸ்டி தாக்கல் செய்யத் தெரியும்.

"ஏம்மா, வீட்ல மாப்பிள்ளை பாக்குறாங்களா?"

"பாக்குறாங்க சார்."

"உள்ளூர்லயா, வெளியூர்லயா?"

"அது தெரியல சார், அமையணும்ல."

"சரிம்மா, சொல்லி அனுப்புறோம்."

சொல்லி அனுப்பவில்லை. அடுத்து உள்ளே போன பையனுக்கும் அதே வயசு, அவன் வீட்டிலும் ஜாதகம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, அவனிடம் கேட்டது கணக்கு பற்றி மட்டும். இதில் அந்த மேனேஜர் ரொம்ப நல்ல மனுஷர், தன் மகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தவர். அவரிடம் பாகுபாடு காட்டினீர்களா என்று கேட்டால் உண்மையிலேயே வருத்தப்படுவார்.

இப்போது கஷ்டமான பகுதி, மறைமுகப் பாகுபாடு. இங்கே விதி எல்லாருக்கும் ஒன்றுதான். ஆண், பெண் என்ற சொல்லே அதில் இருக்காது. ஆனால் அமல்படுத்தினால் ஒரு பக்கத்து ஆட்கள் மட்டும் வரிசையாக வெளியே நிற்பார்கள். நம் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது 2021ல், ராணுவப் பெண் அதிகாரி நிதிஷா தொடுத்த வழக்கில். பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி தருவதற்கு ராணுவம் வைத்த உடல்தகுதி அளவு ஆண்களுக்கு வைத்த அதே அளவுதான். என்ன வித்தியாசம் என்றால், ஆண் அதிகாரிகள் பணியில் சேர்ந்து 5 அல்லது 10 வருஷத்தில், இளம் வயதில் அந்தச் சோதனையைத் தாண்டிவிட்டார்கள். பெண்களுக்கு அந்த வயதில் நிரந்தரப் பணியே கிடையாது என்று உட்கார வைத்துவிட்டு, வழக்குப் போட்டு ஜெயித்து வந்த பிறகு, நாற்பதைத் தாண்டியவர்களிடம் அதே அளவைக் கேட்டார்கள். ஒரே அளவுகோல், ஆனால் ஒரு தரப்பை மட்டும் காலம் கடத்திவிட்டுப் பிறகு அளக்கிறீர்கள் என்று கோர்ட் சொன்னது. ராணுவத்தின் உள்நோக்கம் என்ன என்று ஆராய வேண்டியதில்லை, விளைவைப் பார்த்தால் போதும் என்பதுதான் இந்தத் தீர்ப்பில் நமக்கு வேண்டியது.

இதைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவாருங்கள். பேட்டரி ஆராய்ச்சி செய்கிற ஒரு பிஎச்.டி. மாணவியை எடுத்துக்கொள்வோம் (எங்கள் ஊரில் இது சகஜமான படிப்பு). ஒரு பேட்டரி செல்லைச் சார்ஜ் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, நூற்றுக்கணக்கான சுற்று ஓட விட்டுப் பார்க்க வேண்டும். மெஷின் தானாக ஓடும், ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு கரண்ட் போனாலோ, ஒரு சேனல் மக்கர் செய்தாலோ, பக்கத்தில் இருக்கிறவர் ஓடிப்போய்ப் பார்த்தால்தான் பல நாள் வேலை தப்பும். பெண்கள் விடுதி கேட் ஆறரைக்குச் சாத்தினால்? அவள் கேட்டுக்குள்ளே உட்கார்ந்து யாராவது ஒரு அண்ணனுக்குப் போன் போட்டு "அண்ணே, என் செல்லைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று கெஞ்ச வேண்டும். ரிப்போர்ட் கேட்கிற கைடுக்கு விடுதி கேட் தெரியாது. "ரெண்டு பேருக்கும் ஒரே லேப், ஒரே கருவி, ஒரே மூணு வருஷம். அவன் நாலு பேப்பர் போட்டுட்டான், நீ ஒண்ணுதான்" என்பார். லேப் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் என்பது எல்லாருக்கும் பொதுவான விதி. அதில் உள்ளே போக முடிகிறவர் யார் என்பது கேட்டில் முடிவாகிறது.

பாதுகாப்புக்குத்தானே என்பீர்கள். நியாயமான கவலைதான், நான் அதைச் சிரித்துத் தள்ளவில்லை. ஆனால் பாதுகாப்பு என்பதற்கு எப்போதும் பெண்ணை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான் வழி என்று எப்படி ஆயிற்று? தெருவிளக்கு, லேபிலிருந்து விடுதிவரை ராத்திரி வண்டி, வாட்ச்மேன், இதெல்லாம் காசு செலவாகும். கேட்டைச் சாத்துவதற்குச் செலவே இல்லை. தொழிற்சாலைகளில் பெண்களை இரவு வேலைக்கு விடக்கூடாது என்ற சட்டப் பிரிவை சென்னை உயர் நீதிமன்றம் 2000ல் ரத்து செய்தபோதும் இதே வழியில்தான் போனது. தடையை எடுத்துவிட்டு, போக்குவரத்து, பாதுகாப்பு போன்ற பொறுப்புகளை முதலாளி தலையில் வைத்தது.

ஜவுளிக் கடையில் நாள் பூராவும் நிற்கிறார்களே, அதுவும் இந்த வகைதான். உட்காரக்கூடாது என்பது ஆண் ஊழியருக்கும் பெண் ஊழியருக்கும் பொது. புடவைப் பிரிவில் நிற்பது யார், மாதத்தில் சில நாள் நிற்கவே முடியாதவர் யார், கர்ப்பமானதும் வேலையை விடுகிறவர் யார்? 2021ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியருக்கு உட்கார இருக்கை கட்டாயம் தர வேண்டும் என்று ஆக்கினார்கள். ஸ்டூல் போட்டிருக்கிறார்களா, போட்டிருந்தாலும் உட்கார விடுகிறார்களா என்று அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது பாருங்கள்.

சம்பளத்துக்கு வருவோம். பழைய வீடுகளைப் புதுப்பிக்கிற வேலை இங்கே நிறைய நடக்கிறது. சுண்ணாம்பை அரைத்துச் சலித்துக் குழைத்து, கண்ணாடி போலப் பளபளக்கிற அந்தச் செட்டிநாட்டுப் பூச்சு. அந்தக் கலவையைத் தலையில் சுமந்து சாரம் ஏறுகிறவர் சித்தாள், பெரும்பாலும் பெண். பூசுகிறவர் கொத்தனார், ஆண். நடுவில் நிமிந்தாள் என்று ஓர் ஆண் கையாள் இருப்பார், அவர் நாலைந்து வருஷத்தில் கரண்டியைக் கையில் வாங்கிப் பழகிக் கொத்தனார் ஆகிவிடுவார். சித்தாளாகச் சேர்ந்த அக்கா இருபது வருஷம் கழித்தும் சித்தாள்தான். கலவை எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று கொத்தனாருக்கே சொல்லிக் கொடுக்கிற அளவுக்குத் தெரிந்திருக்கும், கரண்டி மட்டும் கைக்கு வராது. இதில் சைட்டில் கழிப்பறை இல்லையென்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வேலை பார்ப்பது தனிக் கதை. கண்டாங்கி நெசவிலும் இப்படித்தான். பாவு (நெடுக்கு நூல்) தயார் செய்கிற வேலையிலும் தார் (குறுக்கு நூல் கண்டு) சுற்றுவதிலும் வீட்டுப் பெண் பாதி நாள் உட்கார்ந்திருப்பார், கூலி புடவைக்கு இவ்வளவு என்று தறியில் உட்காருகிறவர் பெயரில் வரும்.

சட்டம் சொல்வது, ஒரே வேலைக்கோ அதே மாதிரியான வேலைக்கோ ஒரே சம்பளம். மெக்கினன் மெக்கன்ஸி கம்பெனி வழக்கில் 1987ல் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொன்னது. பெண் ஸ்டெனோக்களுக்கு ஆண் ஸ்டெனோக்களைவிடக் குறைவாகக் கொடுத்துவிட்டு, யூனியனோடு ஒப்பந்தம் போட்டாயிற்று, கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது என்றெல்லாம் வாதம் வைத்தார்கள், எதுவும் எடுபடவில்லை. ஆனால் இந்தச் சட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. சித்தாளின் கூலியைக் கொத்தனார் கூலியோடு ஒப்பிட முடியாது, வேலை வேறு. அவரை ஏன் கொத்தனார் ஆக்கவில்லை என்ற கேள்விக்கு எந்தச் சம்பளச் சட்டத்திலும் பதில் இல்லை.

படித்தவர்கள் இடத்தில் இப்படி நடக்காது என்று நினைக்கிறவர்களுக்கு, 2012ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. அறிவியல் பேராசிரியர்கள் 127 பேரிடம் லேப் மேனேஜர் வேலைக்கான ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்தார்கள். எழுத்துக்கு எழுத்து ஒரே விண்ணப்பம், பாதிப் பேருக்குப் போனதில் ஜான் என்று பெயர், மீதிப் பேருக்குப் போனதில் ஜெனிஃபர். ஜானுக்குச் சராசரியாகச் சுமார் 30,200 டாலர் தரலாம் என்றார்கள், ஜெனிஃபருக்குச் சுமார் 26,500. திறமையிலும் ஜானுக்குத்தான் மார்க் அதிகம். இதில் என்னை யோசிக்க வைத்தது வேறொன்று, பெண் பேராசிரியர்களும் அதே மாதிரிதான் மார்க் போட்டார்கள். "எங்க ஹெச்.ஓ.டி.யே மேடம்தான், அப்புறம் என்ன பாகுபாடு" என்கிற வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

இந்தப் பக்கத்துக் கதை இரண்டு சொல்லாமல் இருக்க முடியாது. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் முத்துலட்சுமி ரெட்டி படிக்க வந்தபோது பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு, மகாராஜா தலையிட்டுத்தான் இடம் கிடைத்தது. அங்கிருந்து போனவர் 1912ல் சென்னையில் மருத்துவப் பட்டம் வாங்கினார். அடுத்தது காரைக்குடி சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உருவான இடம், 1953ல் திறந்தது. அதற்கு முதல் பெண் இயக்குநராக கலைச்செல்வி வந்தது 2019ல். 2022ல் அவரே சிஎஸ்ஐஆர் என்கிற, சிக்ரி மாதிரி ஆய்வு நிலையங்களை நடத்துகிற மத்திய அரசு அமைப்புக்கு முதல் பெண் தலைமை இயக்குநர் ஆனார். அம்பாசமுத்திரத்துக்காரர், தமிழ் வழியில் படித்தவர். ஊரே பெருமைப்பட்டது, படவேண்டியதுதான். அப்படியே கணக்கையும் போட்டுவிடலாம். சிஎஸ்ஐஆர் தொடங்கியது 1942, முதல் பெண் வர 80 வருஷம். நாடு முழுக்க 2021–22ல் உயர்கல்வியில் 4.33 கோடிப் பேர், அதில் 2.07 கோடி பெண்கள். வாசலில் கிட்டத்தட்டச் சரிபாதி. மேலே போகப் போகத்தான் குறைகிறார்கள்.

குறைவது பெரும்பாலும் எந்த இடத்தில் என்றால், குழந்தை பிறக்கிற இடத்தில். பேறுகாலப் பயன் சட்டம் 1961ல் வந்தது, 2017 திருத்தத்தில் 12 வாரத்தை 26 வாரம் ஆக்கினார்கள், முதல் இரண்டு குழந்தைக்கு. பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும், 50 பேர் இருக்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், அந்த விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது குற்றம். தமிழக அரசு ஊழியருக்கு 2021லிருந்து 12 மாதம். பிஎச்.டி. மாணவிகள் பலருக்குத் தெரியாத ஒன்று, பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிப்படி அவர்களுக்கும் 240 நாள்வரை விடுப்பு உண்டு, ஆய்வை முடிக்க 2 வருஷம் கூடுதல் அவகாசமும் உண்டு. ஆனால் தனியார் முதலாளி 26 வாரச் சம்பளத்தைத் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியிருப்பதால், கல்யாணம் ஆகப்போகிற பெண்ணையே எடுக்காமல் விடுகிறார். அந்த "சொல்லி அனுப்புறோம்" மேனேஜர் மனதில் ஓடிய கணக்கு இதுதான். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ள ஊழியர் என்றால் அந்தச் செலவு ஈ.எஸ்.ஐ.யோடது, முதலாளியோடது இல்லை. இது தெரியாமலே பயப்படுகிறவர்கள் ஏராளம். அப்பாவுக்கும் விடுப்பு என்று வந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும், தனியாரில் அதற்கு இன்னும் சட்டம் இல்லை.

இங்கே ஒரு கேள்வி கட்டாயம் வரும். பெண்களுக்கு இடஒதுக்கீடு, மாதம் 1000 ரூபாய் புதுமைப் பெண் திட்டம், இதெல்லாம் ஆண்களுக்கு எதிரான பாகுபாடு இல்லையா? அரசியலமைப்பை எழுதினவர்கள் இதை யோசித்தே 15(3) என்று ஒரு பிரிவை வைத்தார்கள், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடு செய்யலாம் என்று. முதல் படியே இல்லாதவருக்கு ஒரு படி கட்டிக் கொடுப்பது, ஏற்கெனவே ஏறிக்கொண்டிருக்கிறவரின் படியை உடைப்பதாகாது. தவிர, பையன்களுக்கும் 2024ல் தமிழ்ப் புதல்வன் என்று அதே 1000 ரூபாய் வந்தாயிற்று.

கடைசியாகப் பாலியல் தொல்லை. இதுவும் பாகுபாட்டின் ஒரு வடிவம்தான். ஏனென்றால் அது நடக்கிற இடத்தில் ஒரு பெண்ணால் நிம்மதியாக வேலை பார்க்கவோ படிக்கவோ முடியாது, விலகிப் போவது எப்போதும் அவள்தான். 1997ல் வேலையிடப் பாலியல் தொல்லை பற்றி உச்ச நீதிமன்றம் தந்த விசாகா தீர்ப்பு, அதை வைத்து 2013ல் சட்டம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். தலைவர் பெண், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், ஒருவர் வெளி ஆள். கல்லூரி, பல்கலைக்கழகம் என்றால் யுஜிசியின் 2015 ஒழுங்குமுறைப்படி மாணவர் சம்பந்தப்பட்ட புகாரில் மாணவப் பிரதிநிதிகளும் உட்கார வேண்டும், துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர் மாதிரி அதிகாரத்தில் இருப்பவர்கள் உட்காரக்கூடாது.

நம்ம ஊர் மாதிரி இடத்தில் அந்த வெளி ஆள் ரொம்ப முக்கியம். எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம், இல்லையென்றால் ஒரே கோயில் புள்ளி (ஒரே கோயிலைச் சேர்ந்த குடும்பம்), "நம்ம பயதான் விட்டுடும்மா" என்று சமாதானம் பேச வந்துவிடுவார்கள். புகார் கொடுத்தவர் தானாகக் கேட்டால் தவிர சமரசம் கிடையாது, கேட்டாலும் பணம் கொடுத்து முடிக்கக் கூடாது. பெயரை வெளியில் சொல்லக்கூடாது. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம், எழுதத் தெரியாதவருக்குக் குழுவே எழுத உதவ வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை இடமாற்றமோ விடுப்போ கேட்கலாம், புகாருக்கு ஆளானவர் உங்கள் வேலையை மதிப்பிடக்கூடாது என்றும் கேட்கலாம். நிரூபிக்க முடியவில்லை என்பதற்காகவே பொய்ப் புகார் என்று நடவடிக்கை எடுக்க முடியாது, இதை நிறையப் பேர் தெரியாமலே பயந்து பின்வாங்குகிறார்கள்.

10 பேருக்குக் குறைவான கடை, டைல்ஸ் பட்டறை, வீட்டு வேலை, இல்லை முதலாளி மேலேயே புகார் என்றால், மாவட்டத்துக்கு ஓர் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும். செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்திலும் இருக்கின்றன, உங்கள் வேலை இடம் எந்த மாவட்டமோ அந்தக் கலெக்டர் அலுவலகத்திலோ மாவட்ட சமூகநல அலுவலகத்திலோ கேளுங்கள். 181க்குப் போன் போட்டாலும் வழி சொல்வார்கள். உங்கள் ஆபீசில் குழு இருக்கிறதா என்று தெரியாவிட்டால், உறுப்பினர் பெயர்ப் பட்டியல் எங்கே ஒட்டியிருக்கிறது என்று எழுதிக் கேளுங்கள், ஒட்ட வேண்டும் என்பது சட்டம். இல்லை என்று பதில் வந்தால் அதையும் எழுத்தில் வாங்கி மாவட்ட அலுவலரிடம் கொடுங்கள். குழு அமைக்காவிட்டால் ரூ.50,000 வரை அபராதம், மறுபடியும் அதையே செய்தால் இரண்டு மடங்கு, லைசென்ஸை ரத்து செய்யவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.